வண்டியில் இருந்த வேல்

நவம்பர் 3, திங்கள்

எங்கள் லாரியைக் காணவில்லை.

இந்த வரியை எனக்காக எழுதுவேன் என்று நினைத்ததே இல்லை. மற்றவர்களுக்காக எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். லாரி உரிமையாளர் சங்க அலுவலகத்தில் எனக்கு முக்கிய வேலையே அதுதான். போன வருடம் சங்கமும் இன்சூரன்ஸ்காரர்களும் கூடிப் பேசி ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்தார்கள். டோல்கேட், ஒர்க்‌ஷாப், டயர் கடை, பழைய இரும்புக் கடை, போலீஸ் என்று எல்லோரும் அதில் இருக்கிறார்கள். வண்டி காணோம் என்று யார் பதறி வந்தாலும் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் அடையாளத்தையும் போட்டு நான் எச்சரிக்கை அனுப்புவேன். அப்படி அனுப்பி ஓசூர் தாண்டுவதற்குள் பிடிபட்ட வண்டி உண்டு. கடைசிவரை கிடைக்காத வண்டியும் உண்டு.

இன்று வந்தவர் என் வீட்டுக்காரர். பதறி வரவில்லை, நடந்து வந்தார். சங்கச் செயலாளர் சென்னியப்பன் என்றால் நிதானத்துக்குப் பேர் போனவர். "பைபாஸ்ல நிறுத்துன வண்டியக் காணோம் ஜெயா. குரூப்புல போட்டுடு" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நான்தான் நம்பரைத் தப்பாக அடித்தேன்.

டிரைவர் குழந்தைவேலு சனிக்கிழமை சாயங்காலம் எடைமேடைக்குப் பக்கத்துக் காலி இடத்தில் நிறுத்தியிருக்கிறான். அங்கே கேமரா கிடையாது. ஜிபிஎஸ் கருவி தீபாவளிக்கு முன்பே கெட்டுவிட்டது. ஊருக்கெல்லாம் ஜிபிஎஸ் மாட்டச் சொல்லி மைக் பிடிப்பவர் சொந்த வண்டியில் மாற்றாமல் விட்டுவிட்டார் என்று எரிச்சலாக வந்தது. இந்த நேரத்தில் கேட்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

மதியம் வழக்கம்போலச் சாப்பிட்டார். ரசம் இரண்டாம் தடவை கேட்டார். அதிர்ச்சியில் சிலருக்கு அப்படித்தான் பசிக்கும்.

நவம்பர் 4, செவ்வாய்

டோல்கேட்காரர்கள் எல்லோரும் பதில் போட்டுவிட்டார்கள். எங்கள் வண்டி எந்தப் பக்கமும் டோலைத் தாண்டவில்லை. அப்படியானால் இங்கேதான் எங்கேயோ இருக்கிறது. எனக்குத் தெம்பு வந்தது. அடையாளங்களை விவரமாக எழுதி மறுபடி அனுப்பினேன்: முன்கண்ணாடிக்கு மேலே மஞ்சள் எழுத்தில் கவின்மலர் என்று மகள் பெயர். டேஷ்போர்டில் பித்தளை வேல், இலையின் ஒரு ஓரம் நெளிந்தது. ஆயுத பூஜைக்கு எடுத்த போட்டோவையும் சேர்த்தேன். சந்தனம் குங்குமத்தோடு வேல் பளிச்சென்று தெரிகிறது.

அந்த வேல் வண்டி வாங்கிய அன்று சென்னிமலையில் பூஜை வைத்து வாங்கியது. தொப்பூர் இறக்கத்தில் பிரேக் போனபோது முன்பக்கமெல்லாம் நொறுங்கி, வேல் மட்டும் ஓரம் நெளிந்து கிடந்தது. உள்ளே இருந்த இவருக்கும் குழந்தைவேலுவுக்கும் ஒரு கீறல் இல்லை. அதிலிருந்து இவருக்கு அது உயிர். பெயிண்ட் அடிக்கவோ பாடி கட்டவோ வண்டியைப் பட்டறைக்கு விடும்போது, முதலில் வேலைக் கழற்றிப் புதுத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். இந்தப் பக்கத்து லாரிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். கண்டவர்கள் ஏறி மிதிக்கிற இடத்தில் சாமியை விட்டுவிட்டு வரமாட்டார்கள்.

செய்தியைப் பார்த்ததும் போன் செய்தார். சாமியைப் பற்றியெல்லாம் எதற்குப் போட்டாய் என்று குரலை உயர்த்தினார். அடையாளம்தானே என்றேன். வைத்துவிட்டார்.

நவம்பர் 5, புதன்

தண்ணீர் வரவில்லை. வண்டியும் வரவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

சாமி அலமாரியைத் துடைத்துப் பூ வைத்தேன். முருகன் படத்துக்குப் பின்னால் துண்டில் சுற்றி ஏதோ இருந்தது. ஒரு வேல். நம் வீட்டில் வேலுக்கா பஞ்சம், யாராவது கோயிலுக்குப் போய்வந்து கொடுத்திருப்பார்கள். பித்தளை வேல் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. அடுப்பை அணைக்க மறந்து எங்கே நின்றுகொண்டிருந்தேனோ.

நவம்பர் 10, திங்கள்

இன்சூரன்ஸ் கம்பெனி விசாரணை அதிகாரி வந்தார். பெயர் இருதயராஜ். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். சங்க அலுவலகத்திலேயே உட்கார்ந்து இவரிடம் கேட்டார். வண்டியின் இரண்டு சாவியையும் ஒப்படைத்தால்தான் பணம் பற்றிப் பேச்சே தொடங்கும் என்றார். திருடு போனதாகச் சொல்லும் எல்லோரிடமும் கேட்பதுதான். எனக்கு மனப்பாடம்.

இவர் ஒன்றை மட்டும் மேஜையில் வைத்தார். அதுவும் ஸ்டியரிங் பூட்டுச் சாவி, வண்டியைக் கிளப்பும் சாவி இல்லை. வண்டிச் சாவி இரண்டும் டிரைவரிடம் இருந்தது என்றார். குழந்தைவேலுவைக் கூப்பிட்டுக் கேட்டபோது, சனிக்கிழமையே அண்ணன் கையில் கொடுத்துவிட்டேன் என்றான். இவர் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "குடுக்கலீங்க. இத்தன வருசம் நம்புனேன். இப்ப யாரன்னு நம்பறது?"

சாயங்காலம் போலீஸ் அவனை விசாரணைக்குக் கூட்டிப்போனது.

எங்களிடம் வேலைக்கு வந்தபோது அவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. கவின்மலரைப் பள்ளிக்கூடத்துக்குத் தோளில் தூக்கிப் போனவன். அவன் மனைவி ருக்குமணி இருட்டுவதற்கு முன் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. "அவுரு எடுக்கலீங்கக்கா. அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

சொல்லவில்லை. எதை வைத்துச் சொல்வது?

நவம்பர் 11, செவ்வாய்

குழந்தைவேலுவை விட்டுவிட்டார்களாம். தினம் வந்து கையெழுத்துப் போட வேண்டும். நடக்கச் சிரமப்படுகிறான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

நவம்பர் 14, வெள்ளி

பூ வைத்தேன். துண்டைப் பிரித்துப் பார்த்தேன். ஓரம் நெளிந்திருக்கிறது. இலையின் அடியில் ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. நான் வைத்த சந்தனம்.

ஒருவேளை தீபாவளிக்குப் பின் வண்டியைக் கழுவ விட்டபோது கழற்றியிருப்பார். திரும்ப மாட்ட மறந்திருப்பார். வேல் இல்லாமல் வண்டி எடுக்கமாட்டார் என்பது வேறு விஷயம்.

சுற்றி வைத்துவிட்டு அலமாரிக் கதவைச் சாத்தினேன். நாளைக்குக் கேஸ் சிலிண்டர் சொல்ல வேண்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

கல்யாண மண்டபத்தில் வாகனத் திருட்டு விழிப்புணர்வுக் கூட்டம். வண்டி காணாமல் போவதற்கு முன்பே ஏற்பாடு செய்தது. நோட்டீஸ் அடித்தது நான், வரவேற்றுப் பேசியது என் வீட்டுக்காரர். வண்டியைப் பறிகொடுத்தவரே பேசுகிறார் என்று கைதட்டல் பலமாக இருந்தது. முன் வரிசையில் கார்மேகம் உட்கார்ந்திருந்தார். ஆடி மாதம் அவர் லாரி நிஜமாகவே திருடு போனது. நான் அனுப்பிய எச்சரிக்கைக்கு எந்தப் பதிலும் வரவில்லை. இப்போது அவர் இன்னொருவர் வண்டியில் டிரைவராக ஓடிக்கொண்டிருக்கிறார். அவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினார்.

நிஜமாகவே என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தாமல் விடுகிறேன்.

பிறகு இருதயராஜ் பேசினார். பில் இல்லாமல் பழைய உதிரிபாகம் வாங்காதீர்கள், அடுத்தவன் வண்டியை அறுத்தது அது என்றார். பழைய வண்டி வாங்குமுன் சேஸிஸ் நம்பரைச் சுரண்டிப் பாருங்கள் என்றார். பொய்யாகக் கேட்டு வாங்குகிற ஒவ்வொரு ரூபாயும் அடுத்த வருடம் உங்கள் எல்லோருடைய பிரீமியத்திலும் ஏறும் என்றார். ஆட்கள் கொட்டாவி விட்டார்கள். கடைசியில் யாரோ ஒருவர், பொய் திருட்டை எப்படி சார் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டார்.

அவர் கொஞ்சம் சிரித்தார். "நான் வேற மதம். ஆனா உங்க வண்டிய நிறையப் பாத்தாச்சு. திருடறவன் சாமியையும் சேத்துதான் ஓட்டிட்டுப் போவான். தெரிஞ்சே அறுக்கக் குடுக்கறவன் மட்டும் சாமியக் கழட்டிட்டுக் குடுப்பான்."

மண்டபமே சிரித்தது. மேடையில் என் வீட்டுக்காரரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னைத் தேடினார். நான் தண்ணீர் பாட்டில் எடுத்து வைப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

கூட்டம் முடிந்ததும் தலைவர் பொன்னுசாமி செயற்குழுவைக் கூட்டினார். குழந்தைவேலு போட்டோவைக் குழுவில் போட்டு, இவனை யாரும் வேலைக்கு வைக்க வேண்டாம் என்று எச்சரிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. குழுவில் பேர் வந்துவிட்டால் இங்கிருந்து ஓசூர் வரை யாரும் ஸ்டியரிங் கொடுக்கமாட்டார்கள். அனுப்ப வேண்டியது நான்.

நவம்பர் 17, திங்கள்

நெட் சரியில்லை என்று தலைவரிடம் சொன்னேன்.

நவம்பர் 18, செவ்வாய்

போட்டோ தெளிவாக இல்லை என்று சொன்னேன்.

வீட்டில் துண்டைப் பிரித்து அந்த வேலை எடுத்து முருகன் படத்துக்கு முன்னால் வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் மறுபடி பின்னால் போயிருந்தது.

நவம்பர் 19, புதன்

முன்னால் வைத்தேன். பின்னால் போனது. நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தரிக்காய் காரலாக இருக்கிறது என்று பேசினோம்.

கிணற்றில் போட்டுவிட்டால் அவருக்கு நிம்மதி. போடமாட்டார். அவரால் முடியாது. அவரை எனக்குத் தெரியும்.

நவம்பர் 21, வெள்ளி

பூ வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் குளித்துவிட்டுச் சாமி கும்பிட வந்தார். வேல் முன்னால் இருந்தது. திருநீறு எடுக்கக் கை நீட்டியவர் அப்படியே நின்றார்.

"ஏனுங்க, குழந்தைவேலு என்னங்க பண்ணுனான்?" என்றேன்.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். எஃப்சி தகுதிச் சான்று வாங்க இஞ்சினையே இறக்க வேண்டும் என்று பட்டறைக்காரன் சொன்னானாம், விற்கப் போனால் வாங்க வந்தவன் இரும்பு விலைக்குக் கேட்டானாம், ஓட்டவும் முடியாமல் நிறுத்தவும் முடியாமல் மாட்டிக்கொண்டாராம். வண்டியை அறுக்க வாங்கிக்கொண்டவன் சாவியையும் கேட்டு வாங்கிக்கொண்டான். இரண்டு சாவியையும் கம்பெனி கேட்கும் என்பது சங்கச் செயலாளருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. வந்தபோது குழந்தைவேலுதான் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறான்.

"கம்பெனிக்காரன் காசு, யாரு குடியும் கெடல" என்றார். "குழந்தைவேலுவுக்கு அப்பறம் நான் பாத்துச் செய்யறேன். நீ போட்டோவப் போட்டுட்டு விடு. திங்கக்கிழமை அந்த ஆபீசர் வந்து கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டா முடிஞ்சுது."

எனக்குக் கோபம் வந்தது. குடும்பம் நடத்திய இத்தனை வருடத்தில் இந்த மனிதரைப் பார்த்து இப்படி அருவருப்பு வந்ததில்லை. அதே நேரம் பயமாகவும் இருந்தது. வழக்கு, ஜெயில், காலேஜில் படிக்கிற பெண், ஊர் வாய். எல்லாம் ஒரேயடியாகக் கண் முன்னால் வந்தது. சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. இட்லிக்கு ஊறப் போட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

செய்தியை டைப் அடித்துவிட்டேன். குழந்தைவேலு போட்டோ, கீழே நான்கு வரி. அனுப்புகிற அம்புக்குறி மேல் விரலை வைத்துப் பார்த்தேன். போட்டோவில் அவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். ஆயுத பூஜை அன்று எடுத்தது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் தோள் தெரிகிறது. அவரை வெட்டித்தான் இவனை எடுக்க வேண்டியிருந்தது.

அழித்துவிட்டேன்.

நவம்பர் 24, திங்கள்

இருதயராஜ் காலை பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தார். ஹாலில் உட்கார்ந்தார். வாக்குமூலத்தை அவரே எழுதி எடுத்து வந்திருந்தார். சாவி கடைசியாக டிரைவர் குழந்தைவேலுவிடம் இருந்தது, அவர்மேல் எனக்குச் சந்தேகம் உள்ளது என்று படித்துக் காட்டினார். என் வீட்டுக்காரர் பேனாவைத் திறந்தார்.

பதினொரு மணிக்கு யாரும் விளக்கு ஏற்றுவதில்லை. நான் ஏற்றினேன். ஹாலைப் பார்த்திருக்கிற சாமி அலமாரியின் இரண்டு கதவையும் விரியத் திறந்து, வேலைத் தேய்த்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, எல்லாப் படத்துக்கும் முன்னால் நிறுத்தினேன். மணியும் அடித்தேன். மணி தாறுமாறாக ஒலித்தது. பிறகு காபி கொண்டுபோய் வைத்தேன்.

இருதயராஜ் காபியை எடுத்தார். அலமாரியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். என் எச்சரிக்கையில் இருந்த போட்டோ அவர் பையில் இருந்த கோப்பில் இருந்திருக்கும், அதை வெளியே எடுக்கவில்லை. காபியைக் குடித்து முடித்துவிட்டுத் தாளை என் வீட்டுக்காரர் பக்கம் நகர்த்தினார்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னால இன்னொரு தடவ படிச்சுக்குங்க சார். அவசரமில்ல."

என் வீட்டுக்காரர் படித்தார். அதே நாலு வரியைப் படித்துக்கொண்டே இருந்தார். பேனா முனை தாளுக்கு மேலேயே நின்றது. ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார். கெஞ்சினாரா, திட்டினாரா, எனக்குத் தெரியவில்லை. நான் கண்ணை எடுக்கவில்லை. பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"குழந்தைவேலு சாவியக் குடுத்துட்டானுங்க" என்றார். "ரெண்டையும் நாந்தான் குடுத்தனுப்புனேன். வண்டியோட."

அப்புறம்தான் அவர் அழுதார். நான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

நவம்பர் 28, வெள்ளி

வழக்கு பதிவாகிவிட்டது. ஜாமீன் கிடைத்தது. செயலாளர் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டார். தலைவர் என்னை மட்டும் வேலையில் இருக்கச் சொன்னார். இந்த வேலையை உன்னளவுக்குச் செய்ய ஆள் இல்லை என்றார். பாராட்டா குத்தலா என்று புரியவில்லை, இரண்டுமாகவே வைத்துக்கொண்டேன்.

மலையடிவாரத்தில் ஒரு கொட்டகை. டோலைத் தாண்டாமலே போகலாம். அங்கே எங்கள் வண்டி துண்டு துண்டாக இருந்தது. கவின்மலர் என்ற பலகை தனியாகச் சுவரில் சாய்ந்து கிடந்தது. பெண்ணின் பெயரை அறுக்கக் கொடுத்தவர் சாமியைக் கொடுக்கவில்லை. இதை அவரிடம் சொல்லிக் காட்டினேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அதே கொட்டகையில் கார்மேகம் லாரியின் கேபினும் இருந்தது. யார் குடியும் கெடவில்லை என்றாரே, அந்தக் குடியைக் கெடுத்தவனிடம்தான் வண்டியைக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

குழுவில் செய்தி போட்டேன்: "நவம்பர் 3 அன்று எச்சரிக்கை விடுத்த எங்கள் லாரி திருடு போகவில்லை. உரிமையாளர் சென்னியப்பனே விற்றுவிட்டார். டிரைவர் குழந்தைவேலு மேல் எந்தக் குற்றமும் இல்லை. அவருக்கு வேலை கொடுக்கலாம்." கீழே என் பெயரைப் போட்டேன். அனுப்பும்போது அவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். தடுக்கவில்லை.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். அலுவலகம் அரை நாள். பூட்டுகிற நேரத்தில் குழந்தைவேலு வந்தான். அவனுடைய லைசென்ஸ் நகல் எங்கள் பைலில் இருந்தது, புது முதலாளி கேட்கிறாராம். இன்னும் கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறான். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே இருந்தான்.

என்னை மன்னித்துவிடு என்று சொன்னேன். வீட்டுக்காரருக்காகவும் சேர்த்துச் சொன்னேன். அவன் நகலைச் சட்டைப் பையில் வைத்தான்.

"அண்ணன் அந்தச் சனிக்கெழம வேலக் கழட்டித் துண்டுல சுத்தறப்ப நானும் இருந்தனுங்க" என்றான். "பட்டறைக்கு விடறாப்லன்னு நெனச்சேன். வண்டி காணம்னதும் புரிஞ்சுபோச்சு."

ஸ்டேஷனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். டிரைவர் சொன்னால் முதலாளி மேல் பழி போடுகிறான் என்றுதான் சொல்வார்கள் என்றான். கதவுவரை போனவன் திரும்பினான். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஸ்டேஷன்ல இருந்து வந்தன்னிக்கு ருக்குமணிகிட்டச் சொன்னனுங்கக்கா, பயப்படாத, அக்கா வெள்ளிக்கெழம பூ வெக்கறப்ப பாத்துருவாங்க, சொல்லிருவாங்கன்னு. அந்த வெள்ளிக்கெழமயே வருவீங்கன்னு வாசல்ல ஒக்காந்திருந்தோம்."

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை.